சவுண்ட் செக்

ஆம்புலன்ஸை ஊர் எல்லையில் நிறுத்தியபோது மாயவன் இரண்டு இடங்களில் இருந்தான். வண்டிக்குள் ஸ்ட்ரெச்சரில் ஒருவன். வண்டிக்கு மேலே, அலங்கார வளைவில் கட்டிய பேனரில் இன்னொருவன். மேலே இருந்தவனைப் பார்த்தால் இவனுக்கு என்ன குறை என்று தோன்றும். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஹெட்போன், விரித்த கைகள், பின்னால் அவன் உட்கார்ந்துகூடப் பார்க்காத ஒரு சிவப்புக் கார். ‘இன்று இரவு! மண்ணின் மைந்தன், இசைச் சூறாவளி எம்.சி. மாயா கலக்கும் மாபெரும் டி.ஜே. நைட்!’ அதற்குக் கீழே விழாக் குழுவினரின் தலைகள் கொத்துக் கொத்தாக. எல்லாவற்றிலும் பெரிய தலை தர்மகர்த்தா பூவரசனுடையது. அவர் காதில் செல்போனை வைத்து, டெல்லியிலிருந்து யாரோ யோசனை கேட்பதைப் போல நெற்றியைச் சுருக்கியிருந்தார்.

அதே பூவரசன் இப்போது பேனருக்குக் கீழே, அதே நெற்றியோடு நின்றிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

“நான் என்ன ஆசப்பட்டா சொல்றேன் அன்பு? காப்புக் கட்டியாச்சு. அம்மன் ஊருக்குள்ள எறங்கி உக்காந்துக்கிட்டு இருக்குது. உள்ள ஒரு சாவு வுழுந்தா எடுத்துத்தான் ஆவணும், அதுக்கு ஒரு மொற இருக்குது. வெளிய வுழுந்தத உள்ள கொண்டாரதுக்கு மொற இல்லியே.”

மாயவனின் தம்பி அன்பு கடத்தூர் பேரூராட்சியில் குமாஸ்தா. முறை என்ற சொல்லைக் கேட்டாலே தலையாட்டிப் பழகியவன். இப்போதும் ஆட்டினான்.

“வண்டிய இப்பிடியே சுடுகாட்டுப் பக்கம் வுடச் சொல்லு. ஒங்கம்மாவ அங்கியே கூட்டியாந்து மொகத்தக் காட்டிடலாம்.”

வண்டிக்குள் கலைமதி கணவனின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தர்மபுரியிலிருந்து ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்தக் கால் சரிந்தது. அவள் எடுத்து வைத்தாள். இப்போது வண்டி நின்றுவிட்டது, பிடிக்கத் தேவையில்லை. அதை மெதுவாக விட்டுவிட்டு இறங்கினாள்.

“மாமா, அவரு ஆடறதுக்கு மேடை போட எடம் குடுத்தீங்க. வூட்டுக்குப் போவ எடம் இல்லீங்களா?”

“ஏம்மா, நீ படிச்ச புள்ள. நீயே இப்பிடிப் பேசினா?”

“போன மாசம் யூடியூப்காரங்க வந்தாங்களே, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க? ‘எங்க சித்தப்பன் மவன், என் தோள்ல தூக்கி வளத்தவன்’னு சொன்னீங்க. தூக்கி வளத்தவரு இன்னிக்கித் தூக்க வர வேணாமா?”

பூவரசன் சட்டென்று சுற்றும் பார்த்தார். சித்தப்பன் மகன் என்றால் பங்காளி. பங்காளி என்றால் தீட்டு. தீட்டு என்றால் சாயங்காலம் கரகத்துக்கு முன்னால் பரிவட்டம் கட்டிக்கொண்டு நடக்க முடியாது.

“அது ஒரே கொலதெய்வம்ங்கறதால ஒரு பாசத்துல சொல்றது. நெசமா பாத்தா ஏழெட்டுத் தலமொற தள்ளி. நமக்குத் தீட்டே வராது. பூசாரியக்கூடக் கேட்டுட்டேன்.”

பிணம் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவர் பூசாரியைக் கேட்டிருந்தார்.

“எத்தன தலமொறையானா என்ன பூவரசா, பங்காளி பங்காளிதானே,” என்றார் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிருஷ்ணப்பன். மூன்று திருவிழாவாகத் தர்மகர்த்தா பதவிக்குக் காத்திருப்பவர். குரலில் தேன் வழிந்தது. “நீ மனசு சங்கடப்படாத. போயித் தம்பிக்குச் செய்ய வேண்டியதச் செய்யி. கரகத்துக்கு முன்னால நான் வேணா நடக்கறேன்.”

அதற்குப் பிறகு பூவரசனுக்கு இரக்கம் வர அதிக நேரம் ஆகவில்லை.

“சரி, சரி. பேச்ச வளக்க வேணாம். ஓடப் பாதையில கொண்டு போங்க. பந்தல் இல்ல, மேளம் இல்ல, சங்கு இல்ல. அழுவற சத்தம் வெளிய ஒரு பொட்டு வரக்கூடாது. கரகம் கெளம்பறதுக்குள்ள எடுத்துடணும். கம்முனு வரணும், கம்முனு போவணும்.”

மாயவன் வாழ்க்கையில் ஒருநாளும் எங்கேயும் கம்முனு வந்ததில்லை.

ஓடைப் பாதை என்பது காலனிக்காரர்களின் பிணங்கள் போவதற்காக ஊர் பெரிய மனதோடு ஒதுக்கிக் கொடுத்தது. அவை கோயில் தெரு வழியாகப் போனால் அம்மன் முகம் சுளிப்பாள் என்று பல தலைமுறைக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். கருவேல முள்ளும் சாக்கடை ஈரமும் மண்டிய அந்தப் பாதையில் ஊர்த்தெருக்காரன் ஒருவன் போவான் என்று ஒதுக்கியபோது யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கொஞ்சம் அகலமாக விட்டிருப்பார்கள். ஆம்புலன்ஸ் பாதி தூரத்தில் சக்கரம் புதைந்து நின்றது.

காலனிப் பக்கமிருந்து ஒருவர் தோளில் துண்டோடு இறங்கி வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். எதுவும் கேட்காமல் கல்லைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். டிரைவரிடம், “இதுக்கு மேல வண்டி ஏறாதுங்க, இங்கிருந்து கையிலதான்,” என்றார். கலைமதி அவரை அடையாளம் கண்டாள். கருப்பண்ணன். போன வருடத் திருவிழாவில் மனைவியை இழந்தவர். ஸ்ட்ரெச்சரின் ஒரு மூலையை அவர் பிடித்தார். அன்பு ஒரு கணம் தயங்கினான். மற்ற மூன்று மூலைகளுக்கே ஆள் போதவில்லை என்று பார்த்துவிட்டு அவனும் பிடித்தான்.

வீட்டின் கொல்லைக் கதவு வழியாக மாயவன் உள்ளே வந்தான்.

கண்ணம்மாள் கொல்லையில் மஞ்சள் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவள் தீச்சட்டி எடுக்க வேண்டிய நாள். ‘என் மவன் சினிமாவுல வந்துட்டா சட்டி எடுக்கறேன் தாயே’ என்று வேண்டியிருந்தாள், மகனும் வந்துவிட்டான். ஒரு கல்யாணப் பாட்டில், கதாநாயகனின் முழங்கைக்குப் பின்னால், கண் சிமிட்டினால் தவறிவிடும் அளவுக்கு வந்தான். அம்மன் அதையும் சினிமாக் கணக்கில்தான் சேர்ப்பாள் என்று பூசாரி சொல்லிவிட்டார். காலையிலேயே தலைக்குக் குளித்து, வேப்பிலை கட்டிய சட்டியைத் தயாராக வைத்திருந்தாள்.

பிணம் வருவதற்கு முன்பே பூசாரியின் மனைவி சாலம்மாளைக் கமிட்டி அனுப்பியிருந்தது. அவள் கையில் கத்தரிக்கோல்.

“கைய நீட்டு கண்ணம்மா. தீட்டு வூட்டுல காப்பு இருக்கக் கூடாது.”

கண்ணம்மாள் நீட்டினாள். மஞ்சள் கயிறு அறுந்து விழுந்தது. ஸ்ட்ரெச்சர் கொல்லைக் கதவைத் தாண்டி வந்ததும் அவள் வாய் திறந்தது. சத்தம் வருவதற்குள் சாலம்மாளின் உள்ளங்கை அதை மூடியது.

“வேணாம், வேணாம். ஊருக்கு ஆவாது. பல்லக் கடிச்சுக்கோ.”

“காப்பத்தான் அறுத்துட்டீங்களே பெரிம்மா,” என்றாள் கலைமதி. “இன்னும் என்ன கட்டு அவங்களுக்கு?”

“அவளுக்கு அறுத்தாச்சு. ஊருக்கு அறுக்கலியேம்மா.” சாலம்மாள் கெட்டவள் இல்லை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கண்ணம்மாள் முந்தானையை உருட்டித் தானே வாயில் திணித்துக்கொண்டாள். அப்போது திணித்ததுதான். மூச்சு மூக்கு வழியாக விசில் போல வந்து போனது. முகம் கறுத்தது. கழுத்தில் ஒரு நரம்பு புடைத்து, அடங்காமல் நின்றது. தண்ணீர் கொடுத்தால் தலையை ஆட்டினாள். முந்தானையை எடுக்கச் சொன்னால் அதற்கும் ஆட்டினாள். எடுத்தால் என்ன வெளியே வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சசிகலா கலைமதியின் காதில் முணுமுணுத்தாள்: “கலை, கெழவிய அழ வுட்டுடு. இப்பிடியே இருந்தா நெஞ்சு அடச்சுக்கும். எங்க பெரியப்பன் அப்பிடித்தான் போனாரு. அவன எடுக்கறதுக்குள்ள ஒரு வாட்டியாவது வாய வுட்டு அழுதுடணும்.”

“எங்க வெச்சு அழச் சொல்றது?” என்றாள் கலைமதி.

கொல்லையில் பலகை போட்டு மாயவனைக் கிடத்தினார்கள். குளிப்பாட்டும்போது கழுத்திலிருந்த தடிச் சங்கிலியைக் கழற்ற அன்பு கை வைத்தான்.

“கெடக்கட்டும் அன்பு. கவரிங்தான்.”

அன்புக்கு அதிர்ச்சியாக இருந்தது. அந்தச் சங்கிலியைப் பார்த்து அவன் எத்தனையோ நாள் பொருமியிருக்கிறான்.

கட்டுவதற்கு வேட்டி இல்லை. அலமாரி முழுக்க மினுக்குக் கோட்டுகள். தங்க நிறம், பாம்புத்தோல் நிறம், முதுகில் சிங்கம் வாய் பிளந்தது. கடைசியில் சசிகலா வீட்டிலிருந்து ஒரு வேட்டி வந்தது. முகத்தில் தண்ணீர் ஊற்றினால் மாயவன் எப்போதும் மூக்கைச் சுளிப்பான். கலைமதி சொம்பைச் சாய்த்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள்.

எம்.சி. மாயாவின் வரலாறு இணையத்தில் கிடைக்கிறது. பெங்களூரில் இசை பயின்றார், வெளிநாடுகளில் நிகழ்ச்சி நடத்தினார், தாயின் ஒப்பாரியிலிருந்து தன் ராப்பைக் கண்டெடுத்தார். எல்லாம் அவனே பேட்டிகளில் சொன்னவை. பெங்களூரில் அவன் பயின்றது கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் ஏற்றி இறக்குவதை. வெளிநாடு என்பது மலேசியாவில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டுக் காதுகுத்து. கண்ணம்மாள் பிறந்தது முதல் ஒப்பாரி பாடியதே இல்லை. சாவு வீடுகளில் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அந்தப் பேட்டி வெளியானபோது, “ஏண்டா, நான் எப்படா பாடினேன்?” என்று கேட்டாள். “நீ பாடலன்னு யாருக்கும்மா தெரியும்?” என்றான்.

உண்மையில் அவன் தொழில் படித்தது கடத்தூரில், ‘சின்னராஜ் சவுண்ட் சர்வீஸ்’ என்ற மைக்செட் கடையில். புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டும் வேலை. அதை மட்டும் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. பிறகு ஒரு பழைய லேப்டாப் வந்தது. பிறகு ‘தாறுமாறு’ என்ற பாட்டு வந்தது.

*ஓரம் போ ஓரம் போ ஓனரு வராரு,*
*ஊரு வாயப் பொளக்கட்டும், தாறுமாறு!*

இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மாவட்டத்தில் அது ஒலிக்காத மஞ்சள் நீராட்டு விழா இல்லை. ஓனர் என்ற இடத்தில் தாய்மாமன் பெயரைப் போடுவான். இரண்டு தாய்மாமன் இருந்தால் யார் பெயர் முதலில் என்று சண்டை வரும். மேடைக்குப் பின்னால் அதைப் பேசித் தீர்ப்பது கலைமதியின் வேலை. உள்ளாட்சித் தேர்தலில் எதிரெதிராக நின்ற இருவருக்கும் ஒரே மெட்டில், ஒரே நாளில், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பாடினான். இருவருமே தங்களுக்குப் பாடியதுதான் சிறப்பு என்றார்கள்.

ஆனால் ஒரு வித்தை அவனிடம் இருந்தது. பாட்டின் நடுவில் மேளம் ஏறிக்கொண்டே போய் உச்சியில் சடாரென்று எல்லாச் சத்தமும் நிற்கும். அப்போது ஒரு கையைத் தூக்குவான். கூட்டமும் தூக்கும். ஒரு குருவி கத்தினாலும் கேட்கும். கை எப்போது இறங்கும், பீட் எப்போது விழும் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மற்ற டி.ஜே.க்கள் அவசரப்பட்டு விட்டுவிடுவார்கள். இவன் விடமாட்டான். “போடறது எவன் வேணா போடுவான் கலை. புடிச்சு வெக்கறதுலதான் தொழில் இருக்குது,” என்பான். பேட்டிகளில் சொல்லாத இன்னொன்று இது.

வேட்டியைக் கட்டி முடித்தபோது அருண்குமார் வந்து நின்றான். மாயவனோடு எப்போதும் மேடையில் நிற்பவன், லேப்டாப்பில் பொத்தான் தட்டுபவன். நெஞ்சோடு லேப்டாப்பை அணைத்திருந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“நைட்டு புரோகிராம் நடக்கணுமாம். கமிட்டியில சொல்லிட்டாங்க. அண்ணன் வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லிச் சொல்லி ரெக்கார்டிங்க வெச்சு ஓட்டணுமாம். கடேசியா, வாணவேடிக்க முடிஞ்சு, ஒரு நிமிசம் மௌன அஞ்சலி.”

“சரி. அதுக்கு?”

“பாட்டு எல்லாம் இதுலதான் இருக்குது. இது அண்ணன் கைநாட்டுக்குத்தான் தொறக்கும்.” அவன் தரையைப் பார்த்தான். “வெரல... ஒரே ஒரு வாட்டி வெச்சுப் பாத்துக்கட்டுமா அண்ணி?”

கலைமதி நகர்ந்து வழிவிட்டாள். அருண்குமார் மண்டியிட்டு, மாயவனின் கட்டைவிரலைத் துண்டால் துடைத்து, பொத்தான் மேல் வைத்தான். மறுபடியும் முயலவும் என்றது திரை. விரலைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தான். மறுபடியும் முயலவும் என்றது. அவன் விரலை விடாமலே அழ ஆரம்பித்தான். சாலம்மாள் “ஸ்ஸ்” என்றதும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“நேத்து ராத்திரி பென்னாகரத்துல, பாட்டு நடுவுல அந்த கேப் வந்துச்சு அண்ணி, சத்தம் நின்னுச்சு. அண்ணன் கையத் தூக்குச்சு. அப்பிடியே பாக்ஸ் மேல உக்காந்துருச்சு. ஸ்டைலுன்னு நெனச்சோம். எல்லாரும் கையத் தூக்கிக்கிட்டே நிக்கறாங்க. ரொம்ப நேரம் ஆவுது. நான்தான்... நான்தான் பீட்ட வுட்டேன்.”

கலைமதி அவன் தலையில் கை வைத்தாள். மாயவனின் விரலை அவனிடமிருந்து எடுத்து மற்ற விரல்களோடு சேர்த்து வைத்தாள்.

“பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். இரு, சொல்றேன்.”

தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் போனாள். கருப்பண்ணன் இன்னும் போகாமல் வேலிக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே கூப்பிடவும் யாரும் இல்லை; போகச் சொல்லவும் இல்லை.

“ஏம்மா, ஒரு சேதி சொல்லணும். இன்னிக்கிச் சொல்லலாமோ கூடாதோ தெரியல.”

“சொல்லுங்க.”

“எங்கூட்டுக்காரி போனப்பவும் காப்புதான். இதே பாதைதான். அழுவற சத்தம் கேக்கக் கூடாதுன்னு மைக்செட்ட ஏத்தி வெக்கச் சொன்னாங்க கமிட்டியில. ஏத்தி வெக்கறதுக்கு முன்னால ஒங்கூட்டுக்காரரு இந்த வேலி வழியாத்தான் ஓடியாந்தாரு. கண்ணாடி, கோட்டு, எல்லாத்தோடவும். ‘அண்ணே, முழுசா ஏத்தி வுடறேன். ஏத்தினதும் எல்லாரும் வாய வுட்டு அழுதுக்கங்க. ஒருத்தனுக்கும் கேக்காது’ன்னாரு.” கருப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “அழுதோம்மா. நடுவுல எங்கியும் நிறுத்தாம, பாட்டு முடிஞ்சதும் திரும்ப அதையே போட்டாரு. பொணம் சுடுகாட்டுக்குப் போயிச் சேர்ற வரைக்கும் போட்டாரு. கேவலமான பாட்டும்மா அது. ஆனா எம் மவளுங்க வயிறு காலியாவ அழுதாளுங்க.”

அன்றிரவு மாயவன் வீட்டுக்கு வந்து சொன்னது கலைமதிக்கு நினைவிருந்தது. ‘கமிட்டி என்னப் பாராட்டிருச்சு கலை. நம்ம சிஸ்டத்து பவரு அப்பிடி.’ மலேசியா மளிகைக்கடைக்காரரை மன்னர் பரம்பரை என்று சொன்னவன், வேலி வழியாக ஓடியதைச் சொல்லவில்லை.

உள்ளே வந்தாள். கண்ணம்மாளின் மூக்கில் விசில் இன்னும் வந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு அப்படியே இருந்தது.

“அருணு, இங்க வா. அவர எடுக்கறப்ப சவுண்ட் செக் போடு.”

“அண்ணி?”

“ஒரு பாக்ஸ் பாக்கி வெக்காத. எல்லாத்தையும் நம்ம தெருவப் பாத்துத் திருப்பி வை. முழுசா ஏத்து.”

“எந்தப் பாட்டு?”

“அவரோடதுதான். தாறுமாறு.”

அவன் அவளையே பார்த்தான். “கமிட்டி ஒத்துக்குமா?”

“எழவு சத்தம் அம்மனுக்குக் கேக்காம இருக்கறதுக்குன்னு சொல்லு. ஒத்துக்குவாங்க.”

லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துத் தட்டினாள். எம்.சி. மாயாவின் பூட்டு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்று குழுவில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவள் தட்டியது chinnarajsoundservice. அருண்குமார் எட்டிப் பார்த்தான். அப்படி ஒரு கடையை அவன் கேள்விப்பட்டதில்லை.

அருண்குமார் லேப்டாப்போடு திடலுக்குப் போய்ச் சொன்னதும் பூவரசன் உடனே ஒத்துக்கொண்டார். அருமையான யோசனை என்றார். அடுத்த ஆளிடம் சொல்லும்போது அது அவருடைய யோசனையாகியிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது பாடையைத் தூக்கத் தயாரானார்கள். பூ என்று பார்த்தால், தீச்சட்டிக்கு வாங்கிய சாமந்திச் சரம் ஒன்றுதான். சவத்தின் தலைமாட்டில் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர். பெண்கள் சுற்றி நின்றார்கள், வாயை இறுக்கிக்கொண்டு, பரீட்சை ஹாலில் இருப்பவர்களைப் போல. கலைமதி மாமியாரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அத்தை. இப்ப சத்தம் வரும். வந்ததும் இத எடுத்துடுங்க. அழுங்க. யாருக்கும் கேக்காது.”

கண்ணம்மாள் புரிந்ததா என்று தெரியாத கண்களால் பார்த்தாள்.

முதலில் சொம்பிலிருந்த தண்ணீர் நடுங்கியது. பிறகுதான் காதுக்கு வந்தது. கோயில் திடலிலிருந்து புறப்பட்டு ஓடுகளை உலுக்கி, அலமாரிக் கண்ணாடியைக் கிடுகிடுக்க வைத்துக்கொண்டு அடி விழுந்தது. *ஓரம் போ ஓரம் போ ஓனரு வராரு.* எங்கோ ஒரு நாய் ஓடியது. கலைமதி முந்தானையை உருவினாள், கண்ணம்மாளின் பல் அதை விடவில்லை, பிறகு விட்டது.

வாய் திறந்ததைக் கலைமதி பார்த்தாள். கேட்கவில்லை. கழுத்து நரம்பு துடித்தது, மார்பு ஏறி இறங்கியது, இரண்டு கைகளும் தரையை அடித்தன. சத்தம் மட்டும் ஓனரு வராரு. சசிகலா வாயைத் திறந்தாள், அவளுக்குப் பின்னால் எல்லாரும் திறந்தார்கள். சாலம்மாள்கூடத் திறந்தாள். கலைமதி தானும் அழுகிறாள் என்பதைத் தொண்டை அதிர்வதில்தான் அறிந்தாள். அன்பு தலையில் அடித்துக்கொண்டு ஏதோ கத்தினான். முறைப்படிதானா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. *ஊரு வாயப் பொளக்கட்டும், தாறுமாறு.*

பாடை உயர்ந்தது. கொல்லைக் கதவைத் தாண்டியது. வேலிக்கு வெளியே கருப்பண்ணன் தோள் கொடுத்தார். ஓடைப் பாதையில் இறங்கினார்கள்.

அப்போது மேளம் ஏற ஆரம்பித்தது.

கலைமதி இந்த இடத்தை மறந்தே போயிருந்தாள். இதை அவள் எத்தனை மேடைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அடி நெருங்கும், இன்னும் நெருங்கும், உச்சிக்குப் போகும், பிறகு ஒன்றும் இருக்காது. அவளுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே தெரியும். தூளியில் ஆடும் குழந்தைக்குக்கூடத் தெரியும். சசிகலா வாயை மூடினாள். ஒவ்வொருத்தியாக மூடினார்கள். மகனுடைய பாட்டில் எந்த இடத்தில் சத்தம் நிற்கும் என்று ஊரில் கண்ணம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியாது. அவள் அதை முழுதாகக் கேட்டதே இல்லை.

சாலம்மாளின் கை கண்ணம்மாளின் வாயை நோக்கிப் போனது. கலைமதி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள், காப்புக் கயிற்றோடு சேர்த்து.

சத்தம் நின்றது.

“மாயவா...”

கோயில் தெரு முழுக்க, அலங்கார வளைவு வரை, எம்.சி. மாயா வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்த ஊர் முழுக்க அந்தப் பெயர் போனது. ஓடைப் பாதையில் பாடை நின்றது. கண்ணம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள்.

பீட் விழ வேண்டும். விழ வேண்டிய இடம் வந்து போய்விட்டது.

திடலில் ஏதோ மைக் திறந்திருந்தது. பூவரசனின் குரல் எல்லாப் பெட்டிகளிலும் வந்தது. “டேய் அருணு, என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? வுடுடா. பீட்ட வுடுடா டேய்...” பிறகு யாரோ மைக்கைப் பிடுங்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

கண்ணம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கலைமதி பிடித்த கையை விடவில்லை. சொம்பிலிருந்த தண்ணீர் அசையாமல் இருந்தது.